முருகன் என் வாயைக் கட்டிய நாள்

முருகன் கனவில் வந்தார், மயில் தோகை விரித்தது என்று கேட்க வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு நடந்தது ஒரு கணினிக்குள்.

போன வருஷம், கந்த சஷ்டியின் இரண்டாம் நாள். கெலாங் பாத்தாவில் எங்கள் அலுவலகம். காப்பிக்கு வெந்நீர் வைக்க ஒரு மேதாவி என் கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். திரும்பப் போட்டபோது, டயாலிசிஸ் மையத்துக்காக நான் மூன்று வாரம் எழுதிய நிரலைக் காணோம். "உன் கிளை உடைந்திருக்கிறது" என்றது கிட், நிரலின் ஒவ்வொரு கட்டத்தையும் சேமித்து வைக்கும் மென்பொருள். மறுநாள் மாலை ஆறு மணிக்குள் ஒப்படைக்காவிட்டால் எனக்கு வேலை இல்லை. அலுவலகத்தின் பொதுச் சேமிப்பில் அந்த மூன்று வார வேலையின் நகலும் இல்லை. கூட வேலை செய்யும் இந்த அரைகுறைகள் எல்லாம் முடிந்த பிறகு பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்று ஒரு வரிகூட அனுப்பாமல் வைத்திருந்தேன். கழிவறையில் போய் அழுதேன்.

மறுநாள் காலையில் கோயிலில் முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். பட்டினி எனக்குச் சுலபம். வாயை மூடுவதுதான் முடியாது. அதனால் சூரியன் மறையும் வரை மௌன விரதம்.

எங்கள் குழுத் தலைவர் வாசு வந்து பார்த்தார். "அழிச்சிட்டு புதுசா எறக்கிக்குங்க லா, பத்து நிமிஷ வேலை" என்றார். பொதுச் சேமிப்பிலிருந்து எறக்கினால் வருவது மூன்று வாரத்துக்கு முந்தைய நகல். வாய் இருந்திருந்தால் அவரைக் கிழித்திருப்பேன். பிறகு, நீங்க சொன்னதையே செய்றேன் பாருங்க என்று ரோஷத்தில் நானே அழித்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

பேச முடியாததால் கிட்டின் கையேட்டைப் படித்தேன். கிளை என்பது ஒரு குட்டிக் கோப்பு. கடைசியாகச் சேமித்த இடத்தைக் காட்டும் நீண்ட எண் ஒன்றுதான் அதில் இருக்கும். அந்தக் கோப்பு காலியாகிக் கிடந்தது. ஆனால் பழைய எண்களை எல்லாம் கிட் ஒரு பதிவேட்டில் வரிசையாக வைத்திருந்தது. கடைசி எண் திறக்கவில்லை. முருகா என்று மனதுக்குள் சொல்லி அதற்கு முந்தைய எண்ணைக் கிளைக்குக் கொடுத்தேன். எல்லாம் வந்துவிட்டது. போனது அரைமணி நேர வேலை மட்டும். நாலு மணிக்கு ஒப்படைத்தேன்.

ஏழு மணிக்கு விரதம் முடிந்தது. நாள் முழுக்கச் சேர்த்த வசவு நாக்கு நுனியில் இருந்தது. வெளியே வந்ததோ வேறு. "வாசு, நான் எழுதுனது எல்லாம் பொதுவுல போட்டுட்டேன். தப்பு இருந்தா சொல்லுங்க."

மூன்று தப்பு சொன்னார். மூன்றும் சரி.

இப்போது தினமும் என் வேலையை எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறேன். நீங்களும் முருகனை நம்பிக் கேளுங்கள். ஆனால் உங்களுக்குச் சுலபமானதை நேர்ந்துகொண்டு அவரை ஏமாற்றாதீர்கள். அவர் என் கணினியைத் தொடவே இல்லை, என் வாயைத்தான் தொட்டார்.