திருக்கையும் கானாங்கோழியும்

முதல் பிள்ளை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. எனக்குப் பால் போதவில்லை. ஈப்போவில் எங்கள் வாடகை வீட்டுக்குத் துணைக்கு வந்திருந்த மாமியார், குழந்தை அழும்போதெல்லாம் என் மார்பைத்தான் பார்ப்பார். எனக்கு அவமானமாகக்கூட இல்லை. எதுவுமே தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை கணவர் ஹுத்தான் மெலிந்தாங் மீன்பிடித் துறைக்குப் போய் ஒரு திருக்கை வாங்கி வந்தார். பிள்ளை பெற்றவளுக்குத் திருக்கைக் குழம்பு கொடுத்தால் பால் ஊறும் என்பது ரப்பர்த் தோட்டத்து வழக்கம். ஆயர் தாவாரில் இருக்கும் அவருடைய அண்ணனும் தோட்டத்தில் கண்ணி வைத்துப் பிடித்த கானாங்கோழி ஒன்றை உயிரோடு கூடையில் போட்டுக் கொடுத்திருந்தார்.

"ரெண்டையும் இன்னிக்கே ஆக்கிறலாம்லா," என்றார் மாமியார்.

"அத்தை, அந்தப் பறவைய லைசென்ஸ் இல்லாம பிடிக்கக் கூடாது. சட்டம் இருக்கு."

"மீனுக்கு?"

"மீனுக்கு இல்ல."

"ஏன் டீச்சரம்மா, அதுக்கு உசுரு கெடையாதா?"

பறவை குறைந்தால் கண்ணுக்குத் தெரியும், கடலுக்குள் குறைவதை யார் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அதுவும் சரியா என்று தெரியவில்லை. அறிவியல் வகுப்பில் கரும்பலகையில் இரண்டு கட்டம் போடுவேன். பறவைக்கு இறகு, எலும்பு, முட்டை. மீனுக்குச் செதில், எலும்பு, முட்டை.

பின்கட்டில் திருக்கையை அறுத்துக்கொண்டிருந்த மாமியாரின் கை நின்றது. "இங்க வந்து பாரு."

வயிற்றுக்குள் மூன்று குட்டிகள். சிறகு மடித்தாற்போல் சுருண்டு, வாலோடு முழுதாக இருந்தன. சுற்றிலும் பால்போல வெள்ளையாக ஏதோ வடிந்தது. செதில் இல்லை. எலும்பும் இல்லை, வெறும் குருத்தெலும்பு. நான்கு வருடமாகப் பிள்ளைகளுக்குத் தவறாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று மட்டும் தோன்றியது.

"பிள்ளத்தாச்சியப் போயி அறுத்துட்டேனே," என்று மாமியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வேணாம்னா சொல்லும்மா, தூக்கிப் போட்டுர்றேன்."

உள்ளே குழந்தை அழுதது.

"ஆக்குங்க அத்தை."

குட்டிகளைப் பப்பாளி மரத்தடியில் புதைத்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு, "அந்தக் கோழியக் கொண்டுபோயி பிடிச்ச எடத்துலயே விட்டுரு," என்றார்.

பூண்டு நிறையப் போட்ட குழம்பு. சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

மறுநாள் பால் நன்றாக வந்தது. மீனாலா, தானாகவா என்று இன்றுவரை தெரியாது. குழந்தை புரையேறப் புரையேறக் குடித்தது. மாமியார் அறை வாசலில் நின்று பார்த்தார். நான் மகிழ வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. குழந்தையை அடுத்த பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.