பூசைக்குக் கழுவிய வேன்

“பொஸ்தகத்தப் படிச்சா வண்டி நவுந்துருமாக்கும்?”

அண்ணன் இப்படிக் கேட்டபோது அவன் கையில் கிரீஸ் வாடை அடித்தது. எனக்குப் பதினான்கு வயது. எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான் என்ற கர்வம் எனக்கு நிறையவே உண்டு. ஆனாலும் திருச்செங்கோட்டுப் பட்டறையிலிருந்து அவன் வரும் நாட்களில், கை கழுவ மண்ணெண்ணெயும் சோப்புத்தூளும் எடுத்துவைத்துக்கொண்டு அம்மா வாசலிலேயே நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். என் மதிப்பெண் அட்டைக்காக யாரும் அப்படி நின்றதில்லை.

பரமத்தி வேலூரிலிருந்து எங்கள் வெற்றிலையை நாமக்கல்லுக்கு ஏற்றிப்போகும் பழைய வேனை, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சக்கரம்வரை கழுவி, ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கல் மட்டும் கொடுத்து அப்பா நிறுத்திவிடுவார். அந்த வருடம் விஜயதசமி காலையில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து அண்ணன் வண்டியை எடுத்தான். இன்ஜின் முக்கியது, பின்பக்கம் தணிந்தது, இன்ஜின் அணைந்துவிட்டது. ஒரு எலுமிச்சைகூட நசுங்கவில்லை. ஏற்றிய வெற்றிலை வாடுவதற்குள் சந்தைக்குப் போயாக வேண்டும்.

“கியர் பாக்ஸ் புடிச்சிருச்சுங்கப்பா, எறக்கோணும்” என்றான்.

“நியூட்ரல்ல தள்ளுனப்பவும் நவுரலயே, அப்பறம் எப்புடி கியர் பாக்ஸ்? பின் சக்கரந்தான் புடிச்சிருக்குது” என்றேன். அப்போதுதான் அந்தப் பொஸ்தகக் கேள்வியைக் கேட்டான்.

நான் பாவாடையோடு அடியில் படுத்து ‘ஹேண்ட் பிரேக்’ கேபிளை இழுத்துப் பார்த்தேன், தொளதொளவென்று இருந்தது. கேபிள் விட்டும் சக்கரம் விடவில்லையென்றால், உள்ளே பிரேக் கட்டை துருவோடு டிரம்மில் ஒட்டியிருக்கிறது. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே சுத்தியலால் டிரம்மைச் சுற்றித் தட்டினான். ‘டொக்’கென்று ஒரு பக்கம் விட்டது, பிறகு மறுபக்கம்.

“பெரியவன் கை பட்டாத்தான் வண்டி சொன்ன பேச்சுக் கேக்குது” என்றார் அப்பா.

அண்ணன் சுத்தியலைத் துடைத்துப் பைக்குள் போட்டான். கோளாறைக் கண்டுபிடித்ததை நானும் சொல்லிக்கொள்ள முடியாது. கழுவிய ஈரம் காயுமுன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, அண்ணனைப் போலவே ஹேண்ட் பிரேக் லீவரை இறுக்கி இழுத்துவிட்டு இறங்கியவள் நான்தானே.

அந்த வேன் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. வெற்றிலைக் கொடிக்கால் வாழைத்தோட்டமாகிவிட்டது. அண்ணனைத் தேடி இன்றும் கரூரிலிருந்து ஆள் வரும்போது எனக்கு அதே எரிச்சல்தான். நான் படித்து வாங்கிய ஆட்டோமொபைல் டிப்ளமோ அதைக் குறைக்கவில்லை.

போன வாரம் பரமத்தி வேலூர் சாலையில் என் பட்டறைக்குப் பலகை எழுதினேன். பார்க்க வந்த அப்பா, “அண்ணம் பேரையும் மேல போட்டுரு சாமி, நாலு பேரு நம்பி வருவாங்க” என்றார்.

என் பெயர் மட்டும் எழுதிய பெயின்ட் அதற்குள் காய்ந்திருந்தது.