பலகையில் வரைந்த கரை

என் மனைவி. அவளுடைய அண்ணன், எனக்கு மச்சான், தோணிக்காரர். பழைய அயல்வீட்டு அக்கா. தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயிற்பிள்ளை. பிறகு நான். படத்தைப் பார்க்க அவ்வளவு பேர்தான் இருந்தோம்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த எங்கள் கரையை, கடல் வந்து அழிக்க முன் இருந்தபடி வரைந்து தரச் சொல்லித் தேவாலயத்தில் கேட்டிருந்தார்கள். நினைவு ஆராதனைக்கு மாட்ட. எட்டடிப் பலகை. அங்கே இருந்தவை நாற்பத்திரண்டு வீடு. நான்கு மாதம் வரைந்தேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தோணிகளுக்குப் பெயின்ட் அடித்துக் கை பழகியது. தண்ணீர் வரையப் பழகியது, சின்ன வயதில் தேவாலயச் சுவரில் தொங்கிய கலிலேயாக் கடல் படத்தைப் பார்த்து. அதில் அலை இல்லை. எங்கள் வாவியும் அப்படித்தான் கிடக்கும். அதைத் தவிர வேறொன்றும் நான் வரைந்ததில்லை.

மூடியிருந்த துணியை எடுத்தேன்.

“என்ட வேலி ஒருநாளும் இவ்வளவு நேரா நிண்டதில்லகா,” என்றார் அக்கா.

மச்சான் கிட்டப் போய்ப் பார்த்தார். “என்ட கூரை ஒழுகினது. நீ ஓடெல்லாம் வடிவா அடுக்கி வெச்சிரிக்காய். அப்பவே வந்து அடுக்கித் தந்திருக்கலாமே.”

சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. படத்தில் பூவரச மரத்தடியில் விரலை வைத்தாள். அந்த இடத்தில் வெறும் மணல்.

“நம்மட வீடு எங்க?”

“இன்னும் முடியல்ல.”

“மத்ததெல்லாம் முடிஞ்சிரிக்கே.”

மூன்று தரம் வரைந்தேன். சுவர் வந்தது. கூரை வந்தது. கதவுக்கு வந்ததும் கை நின்றுவிடும். மூன்று தரமும் மணல் நிறம் பூசி அழித்தேன்.

எங்கள் கரையில் எல்லாக் கதவுக்கும் வெளியே தாழ்ப்பாளாக ஒரு கொழுக்கி இருக்கும். சின்னப் பிள்ளைகள் தண்ணீருக்குப் போகாமலிருக்க. கடல் வந்த அன்று ஞாயிறு. மனைவி ஆராதனைக்குப் போயிருந்தாள். மகள் நித்திரை. வாவியில் வைத்த வலையைப் பார்த்து வரப் போனேன். கொழுக்கியைப் போட்டுவிட்டுப் போனேன்.

பிள்ளை வெளியே ஓடித் தப்பியிருப்பாள் என்று மனைவி முகாம் முகாமாகத் தேடினாள். நானும் கூடப் போனேன். சொல்லவில்லை. இதை எழுதும்வரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

“கதவத் திறந்து வெச்சு வரைங்க,” என்றாள். “அவள் ஓடிப்போன மாதிரி.”

நான் தூரிகையை எடுக்கவில்லை.

படத்தின் கீழே எழுதுவதற்காகக் கோயிற்பிள்ளை வீடுகளை எண்ணினார்.

நாற்பத்தொன்று.