மூட்டைக்காரி பிடித்த சந்தை

தெருவில் எல்லோருக்கும் அவள் மூட்டைக்காரி. எங்கே போனாலும் தோளில் ஒரு கம்பளி மூட்டை தொங்கும். தன் வீட்டு ஆடுகளின் முரட்டு ரோமத்தை அவளே அலசி, சிக்கெடுத்து, அழுத்தி, விரிப்பாக்கிக் கடை கடையாக ஏறி இறங்குவாள்.

"உடம்பைக் குத்துதேம்மா" என்றார் மெத்தைக் கடைக்காரர்.

"குத்துனா நேரத்தோட எந்திரிச்சு வேலைக்குப் போவாங்கல்ல?" என்று சிரித்தபடியே மூட்டையைக் கட்டினாள். அந்தச் சிரிப்பு வீட்டு வாசல் வரைக்கும் தாங்காது.

புருஷன் ரோமம் கத்தரிக்கிறவன். குனிந்தே வேலை பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். அவள் உள்ளே நுழையும்போதெல்லாம் அவள் முகத்தைத்தான் பார்ப்பான்; எதுவும் கேட்கமாட்டான். ஒருநாள் மட்டும் வாய் திறந்தான்.

"ஆட்டையெல்லாம் கறிக்குக் கொடுத்துடலாம் புள்ள."

"இந்த வருஷம் மட்டும் பொறுத்துக்கங்க."

அவன் சரி என்றான்.

அவன் இடுப்புக்குத் தைலம் வாங்கப் போன இடத்தில்தான் வழி பிறந்தது. மருந்துக்கடையில் தெர்மாகோல் பெட்டி ஒன்று உடைந்து, உள்ளே பனிக்கட்டி உருகி, ஊசி மருந்தெல்லாம் வீணாகிக் கிடந்தது. கடைக்காரம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இந்தக் கம்பளியச் சுத்தி வச்சுப் பாக்கலாமா?"

"சூடாயிடாதா?"

"வெளிச்சூட்ட உள்ள விடாதுக்கா. வச்சுத்தான் பாருங்களேன்."

காலையில் வைத்த பனிக்கட்டி மாலையிலும் கெட்டியாக இருந்தது. கடைக்காரம்மா உடனே மருந்து அனுப்பும் கம்பெனிக்குப் போன் போட்டாள். அவர்கள் மாதிரி கேட்டார்கள், சோதித்தார்கள், இழுத்தடித்தார்கள். இதைப் பற்றி மூட்டைக்காரி புருஷனிடம் மூச்சுவிடவில்லை. இதுவும் கைநழுவிப் போனால் மனுஷன் நொறுங்கிவிடுவான் என்று பயந்தாள்.

ஆர்டர் உறுதியான அன்று ஓட்டமும் நடையுமாக வீடு வந்தாள். பட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஒரு குட்டிகூட இல்லை.

"ஆடு எங்கங்க?"

"வியாபாரி வந்தான். ஏத்தி அனுப்பிட்டேன்."

"பொறுத்துக்கங்கன்னு சொன்னேனே..."

"நீ திரும்பி வர்றப்பல்லாம் உன் மூஞ்சியப் பாக்க முடியல புள்ள. இன்னொரு கடை வாசல்ல உன்ன நிக்க வைக்க வேணாம்னுதான்..."

"ஆர்டர் கெடச்சிடுச்சுங்க" என்றாள்.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்களும்தான்."

வியாபாரி வீட்டுக்கு ஓடிப் பார்த்தாள். லாரி எப்போதோ போய்விட்டிருந்தது.

வேலை நிற்கவில்லை. கொட்டகையில் கிடந்த ரோமத்தை வைத்து முதல் ஆர்டரை முடித்தாள். மற்ற ஆட்டுக்காரர்கள் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்த முரட்டு ரோமத்தைத் தேடிப்போய் வாங்கினாள். மீன் அனுப்புகிறவர்கள் வந்தார்கள். தயிர்ப் பண்ணைக்காரர்கள் வந்தார்கள். காலியான பட்டியில் மேசைகள் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலை செய்தார்கள். புருஷனும் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்து, பெட்டி அளவுக்கு விரிப்பு வெட்டிக் கொடுத்தான்.

வாங்க வருகிறவர்களிடம் அவள் வாய் ஓயாமல் பேசுவாள். அவனிடம் அளவும் நூலும் மட்டும்தான் பேச்சு.

ஒரு மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது அவன் கத்தரியைக் கீழே வைத்தான்.

"எம் மேல கோவமா புள்ள?"

"கோவம்னா சண்டை போட்டிருப்பேனே" என்றாள். அடுத்த விரிப்பை எடுத்து அவன் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு, கை கழுவப் போனாள்.