காவல் பட்டியலில் ஒரு வெற்றுக் கட்டம்

தலைமன்னார் இராணுவ முகாமில் லான்ஸ் கோப்ரல் அப்துல் ஹமீடின் சட்டைக் கையில் இருந்த ஒற்றைப் பட்டி ஏழு வருடமாகத் துணையில்லாமல் கிடந்தது. இரண்டாவது பட்டி வேண்டுமென்றால் தியத்தலாவைக்குப் பயிற்சிக்குப் போகவேண்டும். அதற்கு ஆள் பொறுக்குபவர் கொழும்பிலிருந்து வரும் மேஜர். இரண்டு தரம் ஹமீடின் பெயர் போய்த் திரும்பிவிட்டது. "நல்ல மனிதர். ஆட்களை வேலை வாங்கத் தெரியாது" என்று சார்ஜன்ட் நவரத்தினம் அறிக்கையில் எழுதியிருந்தார். இது மூன்றாவது தரம். இதுவும் தவறினால் வயது கடந்துவிடும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. கடல் கடந்து களவாக வருகிறவர்களைப் பிடிக்கவென்று கரை நெடுகக் காவல் போட்டிருந்தார்கள். எந்த நாள் யார் காவல் என்று வாரப் பட்டியல் எழுதுவது ஹமீடின் வேலை. அதில் வெட்டித் திருத்தக்கூடாது என்பது நவரத்தினத்தின் சட்டம்.

மடுத் திருவிழா வந்தால் கத்தோலிக்கப் பெடியள் வீட்டுக்குப் போவார்கள். அவர்களுடைய கட்டத்தில் ஹமீட் தன் பெயரை எழுதுவார். சிங்களப் பெடியளின் வெசாக்குக்கும், கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும் அதே கதைதான். தன்னுடைய பெருநாள் வரும்போது யாரைக் கேட்பது என்று கூச்சப்பட்டு, அங்கேயும் தன் பெயரையே எழுதிவிடுவார்.

"இந்த நோன்புப் பெருநாளுக்கும் வராட்டி, உங்கட பழைய சேட்டு ஒண்டைக் கதிரையில போட்டு அதுக்கு முன்னால சோறு வைப்பன்" என்று மன்னார் உப்புக்குளத்து வீட்டிலிருந்து மனைவி ஹிதாயா சொல்லி அனுப்பியிருந்தாள். "பிள்ளையிட்ட, இதுதான்டா உன்ர வாப்பா எண்டு காட்டுவன்."

வியாழன் பிறை கண்டால் பெருநாள் வெள்ளி, காணாவிட்டால் சனி. அதனால் இந்த வாரம் இரண்டு கட்டங்களையும் வெறுமையாக விட்டார்.

"என்ன ஐசே இது, பல்லு விழுந்த வாய் மாதிரி?" என்றார் நவரத்தினம். "மேஜர் திங்கள் வாறார். அதுக்குள்ள நிரப்பும்."

வியாழன் பின்னேரம் மேல்வானம் முழுக்க முகில். பிறை தெரியவில்லை. வெள்ளிக் கட்டத்தில் ஹமீட் தன் பெயரை எழுதினார். சனிக் கட்டத்துக்கு முன்னால் பேனையோடு நெடுநேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

வெள்ளி காலை மன்னாரிலிருந்து தொலைபேசி வந்தது. மேஜர் இன்றைக்கே வருகிறாராம். "ஓடும், எழுதும்!" என்று நவரத்தினம் கத்தினார். வேறு வழியில்லை, இந்தப் பெருநாளும் போகட்டும் என்று ஹமீட் பேனையைத் திறந்துகொண்டு ஓடினார். சனிக் கட்டத்தில் எழுத இடமே இருக்கவில்லை. பென்சிலால், மூன்று பேரின் கையெழுத்தில், மூன்று பெயர்கள் நெருக்கிக்கொண்டு கிடந்தன. பெனடிக்ற், பஸ்ரியன், சிங்கள எழுத்தில் குணபால. அழிக்க நேரமில்லை. ஜீப் வாசலில் நின்றது.

"இதென்ன, சந்தையா?" என்றார் மேஜர்.

"கட்டளை இல்லாமல் எழுதியிருக்கிறாங்கள், சேர்" என்று சொன்ன நவரத்தினம், ஆணியில் தொங்கிய பழைய பட்டியல்களைப் புரட்டினார். நத்தார், ஹமீட். வெசாக், ஹமீட். மடு, ஹமீட். எல்லாவற்றின் கீழும் நவரத்தினத்தின் ஒப்பம்தான் இருந்தது. அவர் தாள்களைக் கழற்றி மேஜரிடம் நீட்டினார்.

மேஜர் பார்த்து முடித்து, மேசையில் கிடந்த அழிறப்பரை ஹமீடிடம் கொடுத்தார். "ஒரு ஆளை வை. மற்றவர்களை அழி."

ஹமீட் முதலில் குணபாலவின் பெயரை அழித்தார். பிறகு சொன்னார்: "குணபால நேற்றும் விடியும்வரை நிண்டவன், அவன் படுக்கட்டும். பெனடிக்ற், உனக்குக் காய்ச்சல் விட்டு ரெண்டு நாள்தான்."

"காய்ச்சல் உங்கட வாயிலதான் இருக்கு, நானா" என்று அண்ணன் முறை சொல்லி மறுத்தான் பெனடிக்ற், பின்னால் நின்று.

"நான் சொல்லியாச்சு. பஸ்ரியன் நிப்பான்."

பெனடிக்ற் விறைப்பாக நிமிர்ந்து நின்றான். மேஜர் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

அன்றிரவு காவலுக்கு ஹமீட் நின்றார். சனி காலை ரயிலுக்குப் புறப்படும்போது நவரத்தினம் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். "ஆட்களை வேலை வாங்கத் தெரியாது" என்ற வரியின் மேல் தடித்த கோடு ஓடியிருந்தது. பக்கத்தில், "கேளாமலே ஆட்கள் இவருக்காக வருகிறார்கள். அனுப்பவும்" என்று எழுதி, கீழே மேஜரின் ஒப்பமும் இருந்தது.

"வெட்டித் திருத்தியிருக்கிறீங்கள், சார்ஜன்ட்" என்றார் ஹமீட்.

"ரெயிலை விடப்போறீர். ஓடும்!"

வீட்டில் கதிரையின் மேல் பழைய சேட்டு உண்மையாகவே கிடந்தது. முன்னால் சோற்றுக் கோப்பை. மகன் பாயிஸ் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எழும்புங்கோ, சேட்டு வாப்பா, ஆள் வந்திட்டுது" என்று சொல்லி ஹிதாயா சேட்டை எடுத்து உதறினாள். உதறும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாப்பிடும்போதே ஹமீட் தியத்தலாவை விஷயத்தைச் சொன்னார். அவள் இன்னொரு அகப்பை சோறு போட்டாள்.

"அப்ப ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆரிட்டக் கேப்பீங்கள்?"

"கேக்கமாட்டன்" என்றார் ஹமீட். "சொல்லுவன்."