ஜெபத்தில் சொல்லக் கூடாதது

ககேஹா வைத்த விறகு அன்று பற்றாமல் புகைந்துகொண்டே இருந்தது. விடிவதற்குள் விருந்தினர் அறைக் குழாய்களில் வெந்நீர் வந்தாக வேண்டும். நைரோபியின் அந்த மிஷன் விடுதியில் வெந்நீரும் படுக்கை விரிப்புகளும் அவள் பொறுப்பு. ஆனால் அவள் உயிர் காங்கேமிக் குடிசைப் பகுதியில், தகரக் கூரைக்குக் கீழே, பக்கத்து வீட்டுக்காரியின் மடியில் கிடந்தது. நான்கு வயது மகன் கிசியா அங்கே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான்.

முந்தின நாள் மாலை அவனைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினாள். வேலைநிறுத்தம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். மருந்துக்கடைக்காரன் ஒரு இருமல் மருந்தைக் கொடுத்தான். பிள்ளையை விட்டுவிட்டு அவள் வேலைக்கு வந்ததற்கு ஒரே காரணம்தான். தோட்டத்துப் பக்க அறையில் மாரித் என்ற டாக்டர் தங்கியிருந்தாள். குழந்தைகள் டாக்டர். நார்வேக்காரி என்றாலும் சுவாஹிலி தண்ணீர்பட்ட பாடு. காலை உணவு முடிந்ததும் அவள் வடக்கே, தன் ஊழிய இடத்துக்குக் கிளம்பிவிடுவாள்.

சமையல்காரன் ஒச்சோலா எட்டிப் பார்த்தான். "என்ன ககேஹா, குழாய்ல தண்ணி வருமா, புகை வருமா?"

"பையனுக்கு மூச்சு இழுக்குதுண்ணே. டாக்டரம்மாகிட்ட சொல்லிடட்டுமா?"

அவன் முகத்திலிருந்த கிண்டல் போய்விட்டது. "சொல்லிட்டு அப்படியே மூட்டையக் கட்டிக்க. சைக்கிள் கதை மறந்துபோச்சா?"

யாருக்கும் மறக்கவில்லை. காலை உணவுக்குப் பிறகு விருந்தினரும் வேலைக்காரர்களும் ஒன்றாக நின்று ஜெபிப்பது அங்கே வழக்கம். ஒருமுறை தோட்டக்காரன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ஆண்டவரே, கேரியர் வச்ச கறுப்பு சைக்கிள்" என்று மன்றாடினான். மறுநாளே ஒரு வெள்ளைக்காரர் வாங்கிக் கொடுத்துவிட்டார். அதன்பின் எல்லோருடைய ஜெபமும் நீண்டுபோனது. கூரைத் தகடு, தையல் மெஷின், சினைமாடு. நிர்வாகி மும்புவா அதற்கு ஒரு முடிவு கட்டினாள். விருந்தாளியிடம் எதையும் கேட்கக் கூடாது. ஜெபத்தில் சுகம், பிரயாணம், மழை என்று மட்டும் சொல்லலாம், விவரம் கூடாது. மீறிய சலவைக்காரி அன்றே வெளியே போனாள்.

வேலை போனால் போகட்டும் என்று துண்டுகளை எடுத்துக்கொண்டு ககேஹா டாக்டரின் கதவைத் தட்டினாள்.

"வா வா ககேஹா! எப்படி இருக்கே? வீட்டுல எல்லாரும் சுகமா?"

"சுகம் டாக்டர். எல்லாரும் நல்லா இருக்காங்க."

நலம் விசாரித்தால் முதல் பதில் அதுதான். வீட்டில் பிணம் கிடந்தாலும் அதுதான். 'ஆனா' என்று அடுத்ததாகத்தான் உண்மையைத் தொடங்க வேண்டும். அவள் வாயெடுப்பதற்குள் மும்புவா உள்ளே வந்து, வண்டி தயாராக இருப்பதாகச் சொல்லி டாக்டரைச் சாப்பாட்டு அறைக்கு அழைத்துப் போய்விட்டாள். துண்டுகளோடு ககேஹா அங்கேயே நின்றாள். தன் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

சாப்பாடு முடிந்து ஜெபம் தொடங்கியது. டாக்டரின் பெட்டி வாசலில் இருந்தது. யாரோ பிரயாணத்துக்காக வேண்டினார்கள். ஒச்சோலா மழை கேட்டான். அடுத்து ககேஹாவின் முறை.

"ஆண்டவரே, எங்க குடும்பத்துக்குச் சுகம் தாங்க…"

"ஆமென்" என்றார்கள். டாக்டரும் மனமுருகித்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

ககேஹா நிறுத்தவில்லை. "என் பிள்ளை மூச்சு இழுக்கறப்ப விலாவெல்லாம் உள்ள போகுது ஆண்டவரே. உதடு நீலமாயிடுச்சு. ராத்திரியிலேருந்து தண்ணிகூட இறங்கல."

"ககேஹா!" மும்புவாவின் குரல் ஈட்டிபோல் வந்தது. "ஜெபத்துல நாடகம் வேண்டாம்."

"உதடா, விரலா?" என்றாள் டாக்டர்.

யாருக்கும் புரியவில்லை. பாதிப் பேர் இன்னும் கண்ணை மூடியிருந்தார்கள்.

"நீலம் எங்க தெரியுது? உதட்டுலயா, விரல்லயா?"

"ரெண்டுலயும் டாக்டர்."

"எங்கே அவன்?"

"காங்கேமியில."

டாக்டர் பெட்டியைத் திறந்து துணிகளைத் தரையில் கொட்டி, அடியிலிருந்த மருந்துப் பையை உருவினாள். "முன்னாடியே ஏன் சொல்லல? காலையில நல்லா இருக்காங்கன்னியே!" மும்புவா பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மும்புவா வாசல்வரை வந்தாள். "நீ இனி இங்க வர வேண்டாம்" என்று ககேஹாவிடம் சொன்னாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஓட்டுநரிடம், "சந்தை ரோடு வேண்டாம், நெரிசலா இருக்கும். மேல்வழியா போ" என்றாள்.

தகர அறையில் பக்கத்து வீட்டுக்காரி அழுதுகொண்டிருந்தாள். கிசியாவின் தலை அவள் கையில் துவண்டு கிடந்தது. டாக்டர் அவன் மார்பில் காதை வைத்தாள். அப்படியே இருந்தாள். ககேஹா அவள் முகத்தையே பார்த்தாள். அதில் எதையும் படிக்க முடியவில்லை.

"இருக்கானா டாக்டர்?"

"இருக்கான். தூக்கு, மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"பிழைப்பானா?"

டாக்டர் ஓடிப்போய் வண்டியின் கதவைத் திறந்து பிடித்தாள். ககேஹா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, சேற்றில் கால் வழுக்க, அந்தக் கதவை நோக்கி ஓடினாள்.