மரத்தூள் டாக்டர்

என் அக்காவைக் கட்டிக்கொண்ட மனிதருக்குத் தச்சுப் பட்டறையில் 'டாக்டர்' என்று பெயர். கிண்டலுக்கு வைத்தது. அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். கிண்டல் புரியவும் கொஞ்சம் மூளை வேண்டும் அல்லவா?

அங்கே யாருக்காவது உளி கிழித்தால் முதல் ஆளாக ஓடுவார். காயத்தில் ஒரு பிடி மரத்தூளை அப்பி, மேலே மரம் ஒட்டும் பசையைத் தடவி, வாயால் ஊதிக் காயவைப்பார். அவர் தலை மறைந்ததும் அடிபட்டவன் நேராகக் குழாயடிக்குப் போய் அத்தனையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சுத்தமான துணியைக் கட்டிக்கொள்வான். அதில் ஆறும். பேர் மட்டும் இவருக்கு. தன் சுண்டுவிரலுக்கும் இதே வைத்தியம் பார்த்து, அது மடங்காமல் போய்விட்டது. அதையும் வெட்கமில்லாமல் நீட்டி நீட்டிப் பேசுவார்.

அக்கா வீட்டிலேயே தைப்பவள். சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. வலது கட்டைவிரல்தான் அவள் பிழைப்பு. ஒருநாள் பாத்திரம் கழுவும்போது கண்ணாடி டம்ளர் உடைந்து அந்த விரல் நுனியைக் கிழித்தது. அவள் விவரமானவள், உடனே குழாய்த் தண்ணீரில் காட்டினாள். இவர் பாய்ந்து வந்து கையை இழுத்தார்.

"தண்ணி காட்டாதடி! தண்ணி பட்டாத்தான் சீழ் பிடிக்கும்."

"விடுங்க, சின்னக் காயம். கழுவிட்டு துணி சுத்திக்கறேன்."

"எத்தனை பேர் கையை ஆத்தினவன் நான்! எனக்கே சொல்லித் தர்றியா?"

சட்டைப் பையிலேயே மரத்தூள் பொட்டலமும் பசையும் வைத்திருந்தார், மகானுபாவர். அப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள். "விரல் விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுடி. ஊசியே பிடிக்க முடியல."

போய்ப் பார்த்தேன். கட்டைவிரல் இரண்டு மடங்கு வீங்கி, பசைக்கு அடியில் மஞ்சளாகத் தெரிந்தது.

"பழுத்தாத்தான் ஆறும். மருந்து உள்ள வேலை செய்யுது" என்றார் டாக்டர்.

"உங்க மருந்தை நாற்காலிக்குப் போடுங்க மாமா. அக்கா, செருப்பை மாட்டு, கிளம்பு."

ஆஸ்பத்திரிக்கு அவரும் கூடவே வந்தார். நர்ஸ் பசையை ஊறவைத்து, தூளைத் துளித்துளியாக எடுத்துக்கொண்டே கேட்டாள்: "யாரும்மா இந்த வேலை செஞ்சது?"

"நான்தான்" என்றார் நெஞ்சை நிமிர்த்தி. எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

விரலைக் கீறிச் சீழை எடுத்தார்கள். "அன்னிக்கே கழுவிக் கட்டியிருந்தா ஒரு வாரத்துல ஆறியிருக்கும். விரல் தப்பிச்சிடுச்சு. ஆனா உள்ள நரம்பு வரைக்கும் போயிருக்கு. உணர்ச்சி திரும்புமான்னு போகப் போகத்தான் தெரியும்" என்றார் நிஜ டாக்டர்.

புண் ஆறியது. உணர்ச்சி திரும்பவில்லை. ஆறு மாதம் கழித்துப் போனபோது அக்கா ஒரு வெள்ளைச் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். துணியில் சிவப்பாக ஒரு பொட்டு பரவியது.

"அக்கா, ரத்தம்!"

அவள் குனிந்து பார்த்தாள். ஊசி கட்டைவிரலில் பாதி இறங்கி நின்றது. அவளுக்குத் தெரியவே இல்லை. ஊசியை உருவிவிட்டு, கறைபட்ட சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எட்டிப் பார்த்து என்னிடம் திரும்பினார். "பாத்தியா? ஊசி இறங்கியும் துளி வலி இல்ல. நம்ம மருந்து பட்ட விரல்னா சும்மாவா?"